கலைச்சொல் தேவை: ‘கம்யூனிட்டி டேங்க்’ (வெள்ளிக்கிழமைக்குள்)

மன்னார்குடி, பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் அறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறோம். ஸ்வார்ட்டெயில் மீன் ஐந்து (ஆண் இரண்டு, பெண் மூன்று; ஆணுக்கு வாலின் கீழ்நுனி வாள் போல நீண்டிருக்கும்), பிளாட்டி நாலு, அடியில் மேய்கிற கோரிடோரஸ் மூன்று. பக்கத்தில் மாட்ட ஒரு பலகை வேண்டும். எழுதுகிறவர் வெள்ளிக்கிழமை காலை வருகிறார்.

இப்படிப்பட்ட தொட்டியைக் கடையில் ‘கம்யூனிட்டி டேங்க்’ என்கிறார்கள். வெவ்வேறு இன மீன்கள் ஒன்றையொன்று கடிக்காமல், ஒரே தண்ணீரில், ஒரே சூட்டில் சேர்ந்திருக்கும் தொட்டி. ஏழாம் வகுப்புப் பிள்ளை பலகையைப் படித்ததும் இவ்வளவும் புரிய வேண்டும். ‘சமூகத் தொட்டி’ என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். “ஊர்ப் பொதுத் தொட்டியா டீச்சர், குடிதண்ணி பிடிக்கலாமா?” என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். அப்படியே ஸ்வார்ட்டெயிலுக்கும் ஒரு பேர் சொல்லுங்கள்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, ‘சமூகம்’ வடசொல். நமக்குக் ‘குமுகம்’ இருக்கிறது. குமிதல், குவிதல், குழு, குழாம் எல்லாம் சேர்தல் என்ற ஒரே கருத்தில் கிளைத்தவை. ‘தொட்டி’யும் எனக்கு உறுத்துகிறது. தொடுதல் என்றால் தோண்டுதல். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்ற குறளை நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். தோண்டியதால் தொட்டி. கண்ணாடியை ஒட்டிச் செய்ததற்கு அந்தப் பேர் எப்படிப் பொருந்தும்? பேழை என்பதே சரி. குமுகப் பேழை. மீனுக்கு ‘வாள்வாலி’.

தஞ்சாவூர், வண்ண மீன் கடை:

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் கடைக்கு வந்து பேழை கேட்கிறவருக்கு நான் மரப்பெட்டிக் கடைக்குத்தான் வழி சொல்ல முடியும். முப்பது ரூபாய்க்கு மீன் வாங்குகிறவர்கள் தினமும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: “இது கூட எதை விடலாம்?” பேர் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். திலாப்பியாவைப் பாருங்கள். யாரும் குழு போட்டுப் பேர் வைக்கவில்லை. சந்தையில் ஜிலேபி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

டீச்சர், இரண்டு ஆணுக்கு மூன்று பெண் போதாது. ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுங்கள். இல்லையென்றால் ஒரே பெண்ணை இரண்டும் விரட்டிக்கொண்டே இருக்கும். மூடி போட்டிருக்கிறீர்களா? போன வருஷம் ஒரு நல்ல சிவப்பு ஆண். ராத்திரி மூடியை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துவிட்டுப் போனேன். காலையில் கதவைத் திறந்தால் தரையில் வாள் வேறாக, உடம்பு வேறாக எறும்பு மொய்த்துக் கிடந்தது. இது எம்பிக் குதிக்கிற சாதி.

நாகப்பட்டினம், மீன்வள மாணவர்:

சொல் ஏற்கெனவே நம் குளத்தில் இருக்கிறது. ‘கூட்டு மீன் வளர்ப்பு’ என்று டெல்டா முழுக்கப் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால். ஒன்றின் இரைக்கு இன்னொன்று போட்டி போடாது. டீச்சரின் தொட்டியிலும் ஸ்வார்ட்டெயில் நடுவிலும் மேலும் நீந்துகிறது, கோரிடோரஸ் அடியில் பொறுக்குகிறது. ஆகவே ‘கூட்டு மீன்தொட்டி’.

வாள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1848இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கல் இந்த மீனுக்கு ‘சிஃபோஃபோரஸ்’ என்று பேரினப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் வாள் தாங்கி என்று பொருள். ஆனால் அவர் சொன்ன வாள் வால் இல்லை. ஆண் மீனுக்கு வயிற்றின் பின்பக்கத் துடுப்பு குச்சி போலக் குறுகி, விந்தைச் செலுத்தும் உறுப்பாக மாறுகிறதே, அதைத்தான் சொன்னார். இதைப் பலகையில் எழுதச் சொல்லவில்லை.

திருவாரூர், வீட்டில் மீன் வளர்ப்பவர்:

மீனுக்குப் பேர் தேடி எங்கெங்கோ போகிறோம். ‘வண்ண வாளை’ என்றால் என்ன? குறுந்தொகை எட்டாம் பாட்டில் மாம்பழத்தைக் கவ்வுகிறதே பழன வாளை, அந்தப் பேர். சோழநாட்டைப் பாடிய பக்திப் பாட்டெல்லாம் வாளை பாய்கிறது. இதுவும் பாய்கிறது, கடைக்கார அண்ணன் சொன்ன மாதிரி.

கும்பகோணம்:

கூடவே கூடாது. வாளை பெரிய மீன், வாய் கொள்ளாத பல்லோடு சின்ன மீன்களை விழுங்குவது. மெக்சிகோவிலிருந்து வந்த சாதுவான மீனுக்கு அந்தப் பேர் வைத்தால் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். வேண்டுமானால் ஒன்று செய்யலாம். தொல்காப்பிய மரபியல், நீர்வாழ்வனவின் ஆணைப் ‘போத்து’ என்று சொல்ல இடம் தருகிறது. வாள் ஆணுக்கு மட்டும்தானே? ஆண் மீனை ‘வாட்போத்து’ என்னலாம். எவ்வளவு அழகு பாருங்கள்.

மன்னார்குடி:

ஐயா, அழகுதான். ஆனால் ஏழாம் வகுப்பு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இது முட்டை இடாமல் நேராகக் குட்டி போடுகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ‘குட்டி ஈனும் மீன்’ என்று எழுதினால் பிழையா? மீனுக்குக் குஞ்சு என்றல்லவா சொல்ல வேண்டும்?

கும்பகோணம்:

மரபியல் தரும் இளமைப் பெயர் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. குஞ்சு அந்தப் பட்டியலிலேயே இல்லை. குட்டி இருக்கிறது. வழக்கும் குட்டி என்கிறது. தயங்காமல் எழுதுங்கள். இந்த ஒன்றில் கடைக்காரத் தம்பியும் நானும் ஒரே பக்கம்.

திருவாரூர்:

வாளையை விட்டுவிடுகிறேன். தொட்டிப் பேரில் விடமாட்டேன். கூட்டு வளர்ப்பில் இரைதான் கணக்கு, மீன் எடை கூட வேண்டும். இங்கே கணக்கு குணம். என் தொட்டியிலும் ஆண் இரண்டுதான். பெரியது வாலை விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் வந்து நிற்கும். சின்னது ஃபில்டருக்குப் பின்னால், இரண்டு விரல் இடுக்கில், மூன்று நாள் இரைக்குக்கூட வெளியே வரவில்லை. வாளின் நுனி கிழிந்து வெள்ளையாக இருந்தது. வேலம்பாசியைக் கொத்தாகப் போட்டுப் பார்வையை மறைத்த பிறகுதான் வந்தது. இனம் கலந்தால் மட்டும் போதாது, இணங்க வேண்டும். கூட்டு என்றால் என்ன வேண்டுமானாலும் சேர்த்துப் போடலாம் என்றாகிவிடும், பூசணிக்காய்க் கூட்டு மாதிரி. ‘இணக்கத் தொட்டி’ என்று எழுதுங்கள் அக்கா.

நாகப்பட்டினம்:

இணக்கம் நல்ல சொல். ஆனால் தனியாகப் படித்தால் மீன் என்றே தோன்றவில்லையே?

தஞ்சாவூர்:

நான் கூட்டு. தண்ணீர் எது டீச்சர்? போர் தண்ணீர் என்றால் கவலை வேண்டாம். வீட்டில் பருப்பு வேகாத கடினத் தண்ணீர்தான் இந்த மீனுக்குப் பிடிக்கும். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் பிடித்து வைத்து, குளோரின் போனதும் விடுங்கள்.

மன்னார்குடி, வியாழன் இரவு:

கூட்டு மீன்தொட்டிக்கு என்னையும் சேர்த்து மூன்று பேர், இணக்கத் தொட்டிக்கு ஒருவர், குமுகப் பேழைக்கு ஐயா. ‘கூட்டு மீன்தொட்டி’ என்று பெரிதாகவும், அதன் கீழே ‘இணங்கிப் போகும் மீன்கள் மட்டும்’ என்று சின்னதாகவும் எழுதச் சொல்லிவிட்டேன். மீனுக்கு ‘வாள்வால் மீன்’. சனிக்கிழமை இன்னும் மூன்று பெண் மீன் வாங்க வருகிறேன் தம்பி, மூடிக்கும் அளவெடுத்துக்கொண்டு வருகிறேன். இன்று காலை பாசிக்குள் ஏழு குட்டி எண்ணினோம். மீதியைப் பெரியவை தின்றிருக்கும்.

திருவாரூர்:

சரி. என் வீட்டில் இருப்பது இணக்கத் தொட்டிதான்.

கும்பகோணம்:

பெரும்பான்மையை ஏற்கிறேன், பேழையைக் கைவிடவில்லை. ஒரு சந்தேகம் மட்டும். நன்னூல் ‘மீன்’ என்ற சொல்லுக்குத் தனி விதி வைத்து இரண்டு விதமாகவும் விட்டிருக்கிறது. மீன்கண் என்றாலும் சரி, மீற்கண் என்றாலும் சரி. அப்படியானால் பலகையில் ‘மீற்றொட்டி’ என்றும் எழுத இடமிருக்கிறது அல்லவா? எழுதுகிறவர் வருவதற்குள் யாராவது சொல்லுங்கள்.