1147 வெண்டியச் சிலுவைப் போர்: படை பிரியாமல் போயிருந்தால் டோபின் விழுந்திருக்குமா?

கடற்காகம்:
ஜெர்மனியின் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே இருந்த, வெண்டியர்கள் எனப்பட்ட ஸ்லாவ் குடிகள் மீது 1147-இல் சாக்சன் பிரபுக்கள் படையெடுத்தபோது படை இரண்டாகப் பிரிந்தது. இருபது வயதைக்கூடத் தொடாத சாக்சனி டியூக் சிங்க ஹென்றி, ஓபோட்ரைட் என்ற ஸ்லாவ் குடியின் டோபின் கோட்டைக்குப் போனார். கரடி ஆல்பிரெக்டின் படை மக்டெபர்க்கில் திரண்டு டெம்மின் கோட்டைக்குப் போனது. மொத்தப் படையும் ஒரே தளபதியின் கீழ் டோபினை வளைத்திருந்தால்? ஓபோட்ரைட் தலைவன் நிக்லோட்டின் கதை அந்தக் கோடையிலேயே முடிந்திருக்கும் என்பது என் கட்சி. நிஜத்தில் அவன் 1160 வரை தாக்குப்பிடித்தான்.

ஏரிக்கரையான்:
ஆள் கூடினால் போதும் என்கிறீர்கள். இடத்தைப் பாருங்கள் நண்பரே. ஷ்வெரின் ஏரிக்கும் சதுப்புக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் நின்ற கோட்டை அது. சாக்சன்களோடு கூட்டாக முற்றுகையிட வந்த டேனியர்கள் அசந்திருந்த நேரம் பார்த்து உள்ளே இருந்தவர்கள் திடீரென வெளியே பாய்ந்து வெட்டிச் சாய்த்தார்கள். கூட வந்த சாக்சன்களால் உதவ முடியவில்லை, நடுவே தண்ணீர். இன்னும் பத்தாயிரம் பேர் வந்திருந்தாலும் அதே தண்ணீர்தானே?

கடற்காகம்:
டேனியர்கள் அசந்ததற்குக் காரணமே தலைமைக் கோளாறுதான். அவர்களின் தலைவர்கள் ஸ்வெய்ன், க்னுட் இருவரும் ஒரே டேனிய அரியணைக்கு மோதிக்கொண்டிருந்தவர்கள். அப்புறம், முற்றுகையில் கோட்டையை வீழ்த்தப் பசி போதும், பாய்ந்து ஏற வேண்டியதில்லை.

பழஞ்சுவடி:
இருவருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பணத்துக்காகவோ கப்பத்துக்காகவோ இவர்களோடு சமாதானம் செய்யக் கூடாது என்று இந்தச் சிலுவைப் போருக்கு அழைத்த மடாதிபதி பெர்னார்ட் முன்கூட்டியே தடுத்து எழுதினார். ஏன்? பிரபுக்களின் வருமானமே அந்தக் கப்பம் என்பது ஊரறிந்த விஷயம். நாம் பாழாக்குவது நம் நிலத்தை அல்லவா, இந்தச் சனங்கள் நம் சனங்கள் அல்லவா என்று வீரர்களே பேசிக்கொண்டதாக அக்கால வரலாற்றை எழுதிய ஹெல்மோல்ட் பாதிரியார் பதிந்திருக்கிறார். ஜெயிக்கும் நேரத்தில், எதிரியைத் துரத்துகிற தம் ஆட்களையே இழுத்துப் பிடித்தார்கள். கடைசியில் பெயருக்கு ஒரு ஞானஸ்நானம், டேனியக் கைதிகள் விடுதலை, அவ்வளவுதான். டெம்மினுக்குப் போன படையில் ஒரு பிரிவு ஸ்டெட்டின் நகரை வளைத்தது. அங்கே மதிலில் சிலுவைகள் தொங்கின. பாம்பெர்க் ஆயர் ஓட்டோ 1124-லேயே அந்த ஊரில் ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்! ஒரே தளபதி என்கிறீர்களே, அவரும் கப்பம் வாங்குகிற பிரபுவாகத்தானே இருந்திருப்பார்?

கடற்காகம்:
சரி, அப்படியானால் ஜெர்மன் மன்னர் மூன்றாம் கொன்ராட் புனித பூமிக்குப் போகாமல் இந்தப் படையை நடத்தியிருந்தால்? அந்தக் கப்பம் அவர் கைக்குப் போவதில்லை. பிரபுக்களின் கையைக் கட்டிப்போட அவரால் முடிந்திருக்கும்.

ஏரிக்கரையான்:
சாக்சனியில் கொன்ராட் பேச்சை யார் கேட்டார்கள்? ஹென்றியின் அப்பாவிடமிருந்து அந்த நாட்டைப் பறித்தவரே அவர்தான். உங்கள் கற்பனைக்கு நிஜமான சோதனை 1160. அப்போது ஹென்றி முழு அதிகாரமுள்ள டியூக். கடல் பக்கம் டேனிய மன்னர் வால்டெமார் கூட்டு. நிக்லோட் வெர்லே கோட்டை அருகே கொல்லப்பட்டான். பிறகு என்ன நடந்தது? அவன் மகன்கள் அடங்கவில்லை, 1164-இல் பெரிய கலகம். கடைசியில் 1167-இல் மூத்தவன் பிரிபிஸ்லாவிடமே நிலத்தின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார் ஹென்றி. அந்த வம்சம் மெக்லென்பர்க்கை 1918 வரை ஆண்டது.

கடற்காகம்:
திரும்பப் பெற்றபோது பிரிபிஸ்லாவ் ஞானஸ்நானம் பெற்றவன், ஹென்றியின் சிற்றரசன். ஷ்வெரின் அவன் கைக்கு வரவில்லை. அங்கே ஜெர்மானியக் கோமகன் உட்கார்ந்துவிட்டார். அதை நான் வெற்றி என்றுதான் எண்ணுகிறேன். 1147-இலேயே அது நடந்திருக்கலாம் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

பழஞ்சுவடி:
அந்த ஜெர்மானியக் கோமகனின் பின்னால் குடியேற வந்த உழவர்கள் இருந்தார்கள். 1147-இல் கோட்டை விழுந்திருந்தாலும் அதில் யாரைக் குடிவைத்திருப்பீர்கள்? ஜெர்மானியத் துறைமுக ஊரான லூபெக்கே 1143-இல்தான் எழுந்தது, 1147 கோடையில் அதன் துறைமுகக் கப்பல்களை நிக்லோட் கொளுத்திவிட்டான். இதற்குப் பதில் சொல்லுங்கள்.