கோவை 75-ல் ஓடுபாதை, 82-ல் ஏற்காடு: ரேடியோ முள்ளை நம்பிச் சேலத்துக்குப் பறந்தவர்களின் அனுபவங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து

கணினியில் பறக்கும் விமான சிமுலேட்டரில் ஜிபிஎஸ் திரையை அணைத்துவிட்டு விஓஆர் (நிலையத்திலிருந்து நாம் எந்தத் திசையில் இருக்கிறோம் என்று சொல்வது), டிஎம்இ (தூரத்தைச் சொல்வது), என்டிபி (முள்ளைத் தன் பக்கம் திருப்புவது) என்ற பழைய ரேடியோ நிலையங்களை மட்டுமே வைத்து வழி வகுப்பவர்கள் நம் மாவட்டத்திலும் இருப்பீர்கள். உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். என்னுடைய கோவை–சேலம் பயணத்தை முதலில் சொல்கிறேன்.

சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே காமலாபுரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு நேர் கிழக்கே எட்டு, ஒன்பது கடல் மைலில் ஏற்காடு. சேர்வராயன் மலையின் உயர்ந்த பகுதி 5,300 அடியைத் தொடுகிறது. பகலில் வானம் தெளிவாக இருந்தால் மலை கண்ணுக்குத் தெரியும், கவலையில்லை. மேகம் மூடியிருக்கும்போது மலை எங்கே தொடங்குகிறது என்பதை ரேடியோதான் சொல்ல வேண்டும்.

கோவை விஓஆரிலிருந்து அளந்து பாருங்கள். காமலாபுரம் ஏறத்தாழ 055 ரேடியலில், அதாவது நிலையத்திலிருந்து 55 டிகிரி திசையில் போகும் கோட்டில், 75 கடல் மைல். ஏற்காடு ஏறத்தாழ 059 ரேடியலில் 82 கடல் மைல். திசையில் நான்கு டிகிரிதான் வித்தியாசம். விஓஆர் கருவியின் முள் ஓரம் வரை, அதாவது ஐந்து புள்ளிகள், சாய்வதற்குப் பத்து டிகிரி விலக வேண்டும். அப்படியென்றால் ஓடுபாதைக்கும் மலைக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கருவியில் இரண்டே புள்ளிகள். நிலையத்தின் பிழை, கருவியின் பிழை, நம் கையின் பிழை மூன்றும் சேர்ந்தால் அந்த இரண்டு புள்ளிகளையும் விழுங்கிவிடும். முள் நடுவில் நிற்கிறது என்பதற்காகச் சேலத்தில் இறங்கத் தொடங்குவது தவறு. அங்கே நம்மைக் காப்பது டிஎம்இ காட்டும் தூரம். 75-ஐத் தாண்டி எண் ஏறிக்கொண்டிருந்தால் ஓடுபாதை பின்னால் போய்விட்டது, மலை முன்னால் வருகிறது. சேலத்துக்கு வழி வகுப்பவர்கள் எல்லோரும் இந்த ஒன்றை மட்டுமாவது மனத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் பறந்தது ஆடி மாதத்தில், உண்மை வானிலையை இணைத்துக்கொண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இடப்பக்கப் பின்புறத்திலிருந்து தள்ளியது. மேற்கிலிருந்து 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) காற்று என்றால், 110 நாட் வேகத்தில் போகும் செஸ்னா 172-ஐ 055 கோட்டில் நிறுத்த மூக்கை 047 பக்கம் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. காற்றில்லாமல் 41 நிமிடம் ஆகும் தூரம் 35 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்து இறங்கும் நேரத்தைக் கணிப்பதும் ஆடியில் உதவாது.

47 கடல் மைலில் வலப்பக்கம் பவானி வருகிறது. காவிரியும் பவானியும் கூடும் இடம் மேகத்துக்கு நடுவே தெரிந்தபோது இரண்டாவது ரேடியோவில் திருச்சி விஓஆரை வைத்தேன். 307 ரேடியலில் முள் மெல்ல நடுவுக்கு வந்து நின்றது. கீழே கூடுதுறை, மேலே இரண்டு முட்களும் நேர்கோட்டில். வரைபடத்தில் பென்சிலால் நான் போட்டிருந்த குறுக்குக்கோட்டின் மேலேயே விமானம் இருந்தது. அந்த நிமிடம் கிடைத்த நிறைவை ஜிபிஎஸ் கோட்டைப் பின்தொடர்ந்து நான் பெற்றதே இல்லை.

சேலத்தைத் திருச்சியின் 330 ரேடியல் வெட்டுகிறது. கோவையின் 055-ம் அதுவும் கிட்டத்தட்ட செங்கோணத்தில் சந்திக்கின்றன. இரண்டு கோடுகள் செங்கோணத்தில் வெட்டும்போதுதான் இடம் துல்லியமாகக் கிடைக்கும். இவ்வளவு நல்ல வெட்டுப்புள்ளியில் நம் ஊர் அமைந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அதிலும் ஒரு தடை இருக்கிறது. திருச்சிக்கும் சேலத்துக்கும் நடுவே, சரியாகப் பாதி வழியில், கொல்லிமலை நிற்கிறது. விஓஆர் அலை நேர்கோட்டில் போவது. மலையைச் சுற்றிக்கொண்டு வராது. கொல்லிமலையை 4,300 அடி என்று வைத்து நான் போட்ட கணக்கில், சேலத்துக்கு மேலே சுமார் 10,000 அடிக்குக் கீழ் வந்துவிட்டால் திருச்சி அலை மறைந்துவிடுகிறது. பவானிக்கு அருகில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அலை நாமக்கல் பக்கத்துச் சமவெளியின் மேலே வருகிறது. சிமுலேட்டர் மலை மறைப்பைக் கணக்கில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், வழியை வகுக்கும்போது நான் அதை எடுத்துக்கொள்கிறேன். சேலத்தை நெருங்கியதும் திருச்சியை விட்டுவிட்டுப் பெங்களூருவுக்கு மாறுகிறேன். அந்த நிலையம் 3,000 அடி மேட்டுநிலத்தில் இருப்பதால் அதன் அலைக்கு எட்டும் தூரமும் அதிகம்.

ஏற்காட்டிலிருந்து

தம்பி எழுதியதைப் படித்தவுடன் எழுதத் தோன்றியது. விமான நிலையம் ஒன்றில் விஓஆர், டிஎம்இ கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பேரன் கணினியில் பறக்கிறான், நான் அருகில் உட்கார்ந்து அதிர்வெண்ணைத் திருப்புகிறேன்.

முள்ளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதன் பின்னால் நடப்பதைச் சிலரே யோசிக்கிறார்கள். விஓஆர் நிலையம் நொடிக்கு 30 சுழற்சி கொண்ட இரண்டு சைகைகளை அனுப்புகிறது. ஒன்று எல்லாத் திசையிலும் ஒரே கட்டத்தில் (அலையின் ஏற்ற இறக்க நிலையில்) போகும். மற்றொன்றின் கட்டம் திசைக்குத் திசை மாறும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விமானத்தின் கருவி அளக்கிறது. அந்த வேறுபாடு 55 டிகிரி என்றால் நீங்கள் 055 ரேடியலில் இருக்கிறீர்கள். டாப்ளர் வகை நிலையத்தில் நடுவில் ஓர் ஆன்டெனாவும் அதைச் சுற்றி வட்டமாக 48 ஆன்டெனாக்களும் நிற்கும். டிஎம்இ வேறு விதம். விமானம் துடிப்புகளை இரட்டை இரட்டையாக அனுப்பும், நிலையம் 50 மைக்ரோ நொடி காத்திருந்து பதில் கொடுக்கும், போய்வந்த நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். அது சாய்வான தூரம். நிலையத்துக்கு நேர் மேலே 6,000 அடியில் பறந்தாலும் அது ஒரு கடல் மைல் என்றுதான் காட்டும், பூஜ்யம் வராது.

நான் வேலை செய்த இடத்தில் ஒருமுறை நிலையத்தின் வேலிக்கு அப்பால் யாரோ தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றை எழுப்பிவிட்டார்கள். அலை தகரத்தில் பட்டுத் திரும்பியதில் ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் முள் ஆடுவதாக விமானிகள் சொன்னார்கள். கொட்டகையை அகற்றிய பிறகுதான் அது அடங்கியது. திசை ஒரு டிகிரிக்கு மேல் மாறினால் கண்காணிப்புக் கருவியே நிலையத்தை நிறுத்திவிடும். பராமரிப்பு நேரத்தில் அடையாள மோர்ஸ் ஒலியை எடுத்துவிடுவோம். முள் அசையலாம், நம்பக் கூடாது என்பதே அதன் பொருள். ஆகவே சிமுலேட்டரிலும் அதிர்வெண்ணை வைத்தவுடன் ஒலியைக் கேட்டுப் பழகுங்கள். பேரனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். சென்னை நிலையத்தின் எம்எம்வி என்ற அடையாளத்தை, இரண்டு கோடு, இரண்டு கோடு, மூன்று புள்ளி ஒரு கோடு என்று இப்போது அவனே முணுமுணுத்துக்கொண்டு சரிபார்க்கிறான்.

ஓமலூரிலிருந்து

ஐயா சொன்ன சென்னை நிலையத்திலிருந்தே என் பயணம் தொடங்குகிறது. சென்னை–சேலம், ஏறத்தாழ 143 கடல் மைல், ரேடியல் 241.

கோவையை இரண்டாவது ரேடியோவில் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். சென்னை, சேலம், கோவை மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் கிடக்கின்றன. இரண்டு ரேடியல்களுக்கும் இடையே ஆறேழு டிகிரிதான் கோணம். கத்தரிக்கோலின் மூடிய அலகுகள் எங்கே சந்திக்கின்றன என்று எப்படிச் சொல்ல முடியாதோ, அப்படி அந்த வெட்டுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. கோவையின் டிஎம்இ தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ரேடியலை விட்டுவிடுங்கள்.

இந்த வழியில் மலை ஓடுபாதைக்கு முன்னால் வருகிறது. திருவண்ணாமலையை இடப்பக்கம் விட்டு, செங்கம், அரூர் பக்கமாக வந்தால், நேர்கோடு சேர்வராயனின் வடக்குப் பகுதியை ஒட்டிப் போகிறது. அண்ணன் கோவையிலிருந்து வரும்போது தூரம் காப்பாற்றுகிறது. சென்னையிலிருந்து வரும் எனக்குப் பெங்களூரு ரேடியல் காப்பாற்றுகிறது. பெங்களூருவிலிருந்து பார்த்தால் ஏற்காடு ஏறத்தாழ 163, ஓடுபாதை 168. இரண்டாவது ரேடியோவில் 168-ஐ வைத்துக்கொண்டு, முள் நடுவுக்கு வரும் வரை 7,500 அடிக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

அதன் பிறகு உயரம் அதிகமாக இருக்கும், உண்மைதான். மேற்கே மேட்டூர் அணை வரை தாராளமாக இடம் இருக்கிறது. நீர்ப்பரப்பின் மேல் ஒரு வட்டம் போட்டு உயரத்தைக் குறைத்து, கிழக்கே திரும்பி வந்தால் ஓடுபாதை நிதானமாகக் கிடைக்கும். ஒருமுறை மேகம் 4,000 அடிக்கு இறங்கியிருந்தது. 168-ல் முள் நின்றதும் மேற்கே திரும்பி மேகத்துக்குள் இறங்கினேன். வெளியே வந்தபோது கண்ணுக்கு எதிரே அணையின் நீர் விரிந்திருந்தது. திரும்பி ஓடுபாதையில் இறங்கும்வரை கை வியர்த்துக்கொண்டே இருந்தது.

ஆத்தூரிலிருந்து

எனக்கு என்டிபிதான் பிடிக்கும். முள் நிலையத்தைக் காட்டும், அவ்வளவுதான், மற்றதெல்லாம் நம் பொறுப்பு. குறுக்குக்காற்றில் முள்ளின் பின்னாலேயே மூக்கைத் திருப்பிக்கொண்டு போனால் வழி வளைந்துவிடும். காற்றுக்கு எதிராக எவ்வளவு திருப்பி வைக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் திறமை. உண்மையில் இடி மின்னல் இருந்தால் முள் அந்த மேகத்தை நோக்கி இழுக்கும், இரவிலும் தடுமாறும்.

ஒரே வருத்தம், 28 நாளுக்கு ஒருமுறை வரும் வழித்தரவுகளைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க என்டிபிகள் குறைந்துகொண்டே போகின்றன. புதிதாகத் தொடங்குபவன் எந்த மென்பொருளை எடுக்கலாம்? என் தங்கை மகன் கேட்கிறான். அவனிடம் பழைய மடிக்கணினிதான் இருக்கிறது.

அஸ்தம்பட்டியிலிருந்து

ஃபிளைட்கியர் எடுக்கச் சொல்லுங்கள் அண்ணா. இலவசம், அதன் செஸ்னா 172பி விமானத்தில் இரண்டு விஓஆர் ரேடியோவும் என்டிபி முள்ளும் இருக்கின்றன. வரைபடத்துக்கு லிட்டில் நேவ்மேப், அதுவும் இலவசம். நிலையத்திலிருந்து எந்த ஊருக்கும் கோடு இழுத்தால் தூரத்தையும் திசையையும் சொல்லிவிடும். இங்கே நாங்கள் எழுதிய எண்களை எல்லாம் அவன் தானே ஒருமுறை அளந்து பார்க்கட்டும். காந்தத் திசை விலகல் (காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு) நம் பக்கத்தில் இரண்டு டிகிரிக்குள்தான், ஆனாலும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓமலூர் நண்பரின் 168 கணக்கை நான் கோவை வழியிலும் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். டிஎம்இ 75, பெங்களூரு 168 இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் இறக்கம். ஒன்று பிசகினாலும் மேட்டூர்ப் பக்கம் திரும்பி, உயரத்தைக் காத்துக்கொண்டு மறுபடியும் அளப்பது.