பிகாச்சு டெக்: ஸ்டார்மிகிட்ட மட்டும் ஏன் அடி வாங்குது?

தங்கச்சிமடம்_தம்பி:
போன்ல ஆடுற கார்டு கேம், போக்கிமான் டிசிஜி பாக்கெட். எங்க பசங்களுக்குள்ள முதல் செட் கார்டு மட்டும்தான்னு பேச்சு. மீன்பிடித் தடைக்காலம், கடலுக்குப் போகாதவன் பூரா போனோடதான் கிடக்கான், பாதிப் பேர்கிட்ட மிஸ்டி–ஸ்டார்மி டெக் (காயின் சுண்டித் தண்ணி எனர்ஜி ஏத்துற மிஸ்டி கார்டும், ஸ்டார்யுல இருந்து மாறுற ஸ்டார்மி இஎக்ஸும்).

என் டெக்: பிகாச்சு இஎக்ஸ், ஜாப்டோஸ் இஎக்ஸ், வோல்டார்ப், எலக்ட்ரோட் தலா 2. போக்கே பால், புரொஃபசர் ரிசர்ச், எக்ஸ் ஸ்பீடு, போஷன், ஜியோவானி, சப்ரினா தலா 2. தண்ணிக்கு மின்சாரம்தானே பலவீனம்? போஷனைத் தூக்கிட்டு ரெட் கார்டு (எதிராளி கையை டெக்குல கலைச்சு 3 கார்டு எடுக்க வைக்கிறது) போடவா?

கீழக்கரை_காக்கா:
டெக்கைத் தொடாதீங்க தம்பி, கணக்கைப் பாருங்க. பெஞ்சுல, அதாவது பின்வரிசையில, நிக்கிற ஒவ்வொரு மின்சாரப் போக்கிமானுக்கும் பிகாச்சு அடி 30, மூணு நின்னா 90. பலவீனம் 20, ஜியோவானி 10. மொத்தம் 120. ஸ்டார்மி இஎக்ஸ் உயிர் 130. ஜியோவானி மாதிரி சப்போர்ட்டர் கார்டு டர்னுக்கு ஒண்ணுதான், ரெண்டாவது ஜியோவானி போட வழியில்ல.

அதனால யார் முந்துறாங்கங்கிறதுதான் விஷயம். பிகாச்சு உயிர் 120. நீங்க முந்தினா அவன் 90 அடிச்சும் உங்களுக்கு 30 மிஞ்சும், அடுத்த அடியில அவன் காலி. அவன் முந்தினா 30ல நிக்கிற பிகாச்சுவுக்கு ரெண்டு போஷன் ஊத்தினாலும் 70தான், அடுத்த 90க்குத் தாங்காது.

ஸ்டார்மியா மாறுறதுக்கு முன்னாடியே கை வைங்க. ஜாப்டோஸை முன்னால நிறுத்தி ஒரே எனர்ஜியில 'பெக்' அடி: 20, பலவீனத்தோட 40. ஜியோவானி சேர்ந்தா 50, ஸ்டார்யு உயிரே அவ்வளவுதான். ஜியோவானி கையில இல்லையா, 40 மட்டும் இறக்கி வைங்க. அது ஸ்டார்மியா மாறினாலும் அந்த டேமேஜ் போகாது, மிச்சம் 90. அப்ப பெஞ்சுல ரெண்டே பேர் இருந்தாலும் 60, 20, 10 போட்டு முடிச்சிரலாம்.

மண்டபம்_எக்ஸ்பிரஸ்:
காக்கா சொன்னதுல ஒண்ணு கவனி மாப்ள: ஜாப்டோஸைப் பின்னால எடுக்கும்போது, பின்வாங்குற செலவுல ஒரு எனர்ஜி குறைக்கிற எக்ஸ் ஸ்பீடு போடு, இல்லாட்டி அந்த ஒரு எனர்ஜியும் போச்சு.

பெஞ்ச் நிறைஞ்சதும் ஒரு பேசிக் (நேரா பெஞ்சுல இறக்கக்கூடிய) மின்சாரப் போக்கிமானைக் கையில வச்சிரு. முன்னால நின்ன பிகாச்சு விழுந்து இன்னொரு பிகாச்சு மேல வந்தா பெஞ்சுல ரெண்டுதான், அடி 60க்கு இறங்கிரும். நிறையப் பேர் கோட்டை விடுறது இங்கதான். எதிராளி சப்ரினா போட்டு உன் முன்னால நிக்கிறதை மாத்த வச்சா எலக்ட்ரோடை அனுப்பு, அதுக்குப் பின்வாங்க எனர்ஜிச் செலவே கிடையாது.

ஜாப்டோஸ் மேல 3 எனர்ஜி ஏறிட்டா பெரிய அடிக்கு 4 காயின் சுண்டலாம், ஹெட்ஸுக்கு 50. ரெண்டு ஹெட்ஸ் விழுந்தா 100, 20, ஜியோவானி 10: சரியா 130. 16ல 11 தரம் விழும். தண்ணி டெக்குல வர்ற ஆர்டிகுனோ இஎக்ஸ் உயிர் 140, அதுக்கு 3 ஹெட்ஸ் வேணும், 16ல 5தான், அந்தச் சூதாட்டம் வேணாம்.

தங்கச்சிமடம்_தம்பி:
முதல் டர்ன் எனக்கு வந்தா எனர்ஜியே கிடைக்காதே காக்கா?

கீழக்கரை_காக்கா:
ஆமா. பிகாச்சுவுக்கு ரெண்டு எனர்ஜி ஏற 5ஆவது டர்ன் ஆகும், அவன் 4லயே ஸ்டார்மியால அடிச்சிருவான். அதனால அப்பவும் ஜாப்டோஸ்தான் முன்னால, 3ஆவது டர்ன்ல பெக்.

போஷனை எடுக்காதீங்க. ஆர்டிகுனோ ஒவ்வொரு 'பிளிஸார்டு' அடிக்கும் பெஞ்சுல நிக்கிற ஒவ்வொண்ணையும் பத்துப் பத்தா அரிக்கும். 3 தரம் அரிச்சா பிகாச்சு 90ல நிக்கும், ஸ்டார்மிக்கு ஒரே வாய். ஒரு போஷன் போட்டா தப்பிச்சிரும். ரெட் கார்டு, எதிராளி கையில 3க்கு மேல கார்டு இருந்தாதான் லாபம். மிஸ்டி ஆடுறவன் கையைக் காலி பண்ணிக்கிட்டேதான் இருப்பான், அவனுக்குப் புதுசா 3 கார்டை நீங்களே கொடுத்த மாதிரி ஆயிரும்.