கார் இல்லாமல் காட்ஸ்வோல்ட்ஸ்: ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வழி சொல்லுங்கள்
இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் கிராமப்புறத்துக்கு நவம்பர் முதல் வாரம், சனி-ஞாயிறு, இரண்டு பேர் போகிறோம். லண்டன் பேடிங்டனிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பிறகு 801 பஸ்ஸில் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர். அங்கிருந்து லோயர் ஸ்லாட்டர் கிராமத்துக்கு சுமார் 2 கி.மீ. நடை; இன்னும் ஒரு மைல் நடந்தால் அப்பர் ஸ்லாட்டர். மழை பெய்திருந்தால் வயல் பாதை சேறாகிவிடும், கேன்வாஸ் ஷூ தாங்காது.

சிக்கல் பிபரி கிராமம்தான். அங்குள்ள ஆர்லிங்டன் ரோ கல்வீடுகளைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. ஆனால் ஞாயிறன்று பஸ்ஸை நம்ப முடியாது, மாலை நாலரைக்கே இருட்டிவிடும். போர்ட்டனிலிருந்து போய்வர டாக்சிக்கு எவ்வளவு ஆகும்? எத்தனை நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும்? பெட்டிகளை எங்கே வைக்கலாம்?

காசில் கூம் கிராமம் இந்த முறை வேண்டாம். அது தெற்குக் கோடி, சிப்பன்ஹாம் பக்கம். அதற்கு இன்னொரு முறை தனியாக ஒரு பயணம்தான் சரி.