சட்ட உதவி அமைப்புகள் வழக்குகளை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன?

கேள்வி (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

வணக்கம். எங்கள் தெருவில் தனியாக வாழும் மூதாட்டி ஒருவரை வாடகை வீட்டிலிருந்து வெளியேற்ற வீட்டுக்காரர் வழக்குத் தொடுத்திருக்கிறார். இலவசமாக வழக்கு நடத்தித் தரும் தொண்டு அமைப்பு ஒன்றை நாடினோம். இவ்வழக்கை ஏற்க இயலாது என்று எழுதிவிட்டார்கள். மூதாட்டி பக்கம் நியாயம் இல்லை என்பதா இதன் பொருள்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (ஃபீனிக்ஸ்)

அப்படிப் பொருள் கொள்ள வேண்டாம், ஐயா. 1979-இல் தொடங்கப்பட்ட லீகல் ரிசோர்சஸ் சென்டர் போன்ற அமைப்புகள், ஒருவருக்குக் கிடைக்கும் தீர்ப்பு அதே நிலையிலுள்ள மற்றவர்களுக்கும் பயன்படுமா என்பதையே முதலில் பார்க்கின்றன. கறுப்பினத்தவர் நகரில் குடியிருக்க நிறவெறி ஆட்சி கட்டுப்பாடு விதித்திருந்த காலம் அது. 1983-இல் அந்த அமைப்பு நடத்திய ரிகோட்டோ வழக்கில், ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு ஒரே முதலாளியிடம் பத்தாண்டுகள் உழைத்த தொழிலாளி ஒருவருக்கு நகரில் குடியிருக்கும் உரிமை உறுதியானபோது, அவரைப் போன்ற ஏராளமான தொழிலாளர்களுக்கும் அதே வழி திறந்தது.

அடுத்து, நடந்தது என்ன என்பதிலேயே இரு தரப்பும் முரண்பட்டால் சட்டக் கேள்வி பின்னுக்குப் போய்விடும் என்பதால், அத்தகைய வழக்குகளைத் தவிர்க்கிறார்கள். பாதகமான தீர்ப்பு பிறகு வருவோர் எல்லோரையும் கட்டிவிடும் என்ற அச்சமும் உண்டு. செலவும் ஒரு காரணம்: அரசமைப்பு உரிமைக்காக அரசை எதிர்த்து வழக்காடித் தோற்றவர் பொதுவாக எதிர்த்தரப்பின் செலவைச் சுமக்க வேண்டியதில்லை என்று 2009-இல் பயோவாட்ச் வழக்கில் தீர்ப்பாயிற்று, தனியார் வீட்டுக்காரருடனான சாதாரண வழக்கில் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

பதில் (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

வழக்கை முழுவதுமாக ஏற்பது ஒன்றே வழியன்று. டர்பன் பள்ளி ஒன்று மாணவி மூக்குத்தி அணியக் கூடாது என்றது குறித்த 2007-ஆம் ஆண்டு வழக்கில், நேட்டால் தமிழ் வேத சங்க அறக்கட்டளை மூன்றாம் தரப்பாகச் சேர்ந்து அரசமைப்பு நீதிமன்றத்தில் தன் வாதத்தை வைத்தது. மாணவி அதற்குள் பள்ளியை விட்டுச் சென்றிருந்தும், மற்ற மாணவர்களைப் பாதிக்கும் கேள்வி என்பதால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும், பலருக்குப் பயன் என்ற ஒரே அளவுகோலை என்னால் முழு மனத்துடன் ஏற்க முடியவில்லை. வீட்டுவசதி உரிமையில் உலகமே மேற்கோள் காட்டும் 2000-ஆம் ஆண்டின் க்ரூட்பூம் தீர்ப்புக்குப் பெயர் தந்த பெண்மணி, 2008-இல் தமக்கென முறையான வீடு கிடைக்காமலேயே இறந்தார். வழக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள், தீர்ப்பு வந்த பின்பும் அந்த மனிதருக்குத் துணை நிற்க முடியுமா என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கேட்டவர்

நன்றி. அப்படியானால் பாட்டி இனி எங்கே போவது?

பதில் (ஃபீனிக்ஸ்)

அரசின் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்கா அலுவலகத்துக்கு ஓய்வூதியச் சான்று, வாடகை ஒப்பந்தம், வழக்குத் தாள்கள் ஆகியவற்றுடன் செல்லுங்கள். அங்கே வருமானமும் வழக்கின் வலுவும் பார்க்கப்படும். பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தையும் அணுகலாம். நீதிமன்ற ஆணையின்றி யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது அரசமைப்பின் 26-ஆம் பிரிவு. முதியோரின் தேவைகளை நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது 1998-ஆம் ஆண்டின் வெளியேற்றத் தடுப்புச் சட்டம். வழக்கறிஞர் கிடைக்காவிட்டாலும், குறித்த நாளில் பாட்டி நீதிமன்றத்துக்கு நேரில் சென்று, சட்ட உதவி தேட அவகாசம் கேட்க வேண்டும்.