எக்செல் பிழைதான் கிரீஸைக் கவிழ்த்ததா?

கரிசல் குமார்:
"ஒரே ஒரு எக்செல் பிழை கிரீஸை நாசமாக்கியது" என்று செங்கொன்றை நேற்று எழுதினார். ஓர் ஆய்வின் தப்பான கணக்கைக் காட்டித்தான் கிரீஸ் மேல் சிக்கனத்தைத் திணித்தார்களாம். கைதட்டியவர்களில் யாராவது அந்த ஆய்வைத் திறந்து பார்த்தீர்களா? ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2010-ல் எழுதியது. அரசுக் கடன் ஜிடிபியில் (மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள். 2013-ல் ஹெர்ன்டன் என்ற மாணவர் தன் பேராசிரியர்கள் இருவரோடு அதே கணக்கைத் திரும்பப் போட்டபோது 2.2 வந்தது. இந்த வித்தியாசத்தில் எக்செல் பிழையின் பங்கு 0.3. வெறும் 0.3!

செங்கொன்றை:
அந்தப் பிழையால் சராசரிக் கணக்கில் ஐந்து நாடுகள் விட்டுப்போயின ஐயா. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். 49-ஆவது வரிசை வரை எடுக்க வேண்டியதை 44-லேயே நிறுத்திவிட்டார்கள். இருபதில் ஐந்து போனால் உங்கள் ஊரில் அது 'வெறும்' தானா?

கரிசல் குமார்:
ஆஸ்திரியாவும் டென்மார்க்கும் அந்தக் காலத்தில் 90-ஐத் தாண்டவே இல்லை. ஐந்து ஐந்து என்று கூவினால் ஆயிற்றா? பெரிய வித்தியாசம் வந்தது வேறு இடத்தில். நியூசிலாந்துக்கு 1946 முதல் 1949 வரை சேர்க்கவில்லை. 1951 மட்டும் நின்றது, அந்த வருடம் 7 சதவீதத்துக்கு மேல் சரிவு. பிரிட்டனுக்கோ 19 வருடங்கள், சராசரி 2.4. சராசரியில் இரண்டு நாடுகளுக்கும் ஒரே எடை! இதற்கு எக்செல் என்ன செய்யும்?

யாழினி:
அது இன்னும் மோசம் இல்லையா குமார் அண்ணா? கை தவறியது போய், தெரிந்தே எடுத்த முடிவு என்றாகிறது. நீங்கள் யாருக்கு வக்கீல்?

கரிசல் குமார்:
யாருக்கும் இல்லை தங்கச்சி. 0.3 என்றால் 0.3.

மாடிவீட்டு மைனர்:
2010 மே மாதம் யூரோ நாடுகளும் ஐஎம்எஃப்பும் (சர்வதேச நாணய நிதியம்) கிரீஸுக்கு 110 பில்லியன் யூரோ கடன் கொடுத்தபோது எக்செல்லைப் பார்த்தா கொடுத்தார்கள்? கிரீஸின் 2009 பட்ஜெட் பற்றாக்குறை திருத்தித் திருத்திக் கடைசியில் ஜிடிபியில் 15 சதவீதத்தைத் தாண்டியது. சந்தையில் எவனும் கடன் தரவில்லை. வாங்கித் தின்றவன் கட்டத்தான் வேண்டும்.

செங்கொன்றை:
வந்துவிட்டார் ஜெர்மன் வங்கிகளின் தூதர்! அந்தப் பணத்தில் பெரும்பங்கு கிரீஸுக்கு ஏற்கெனவே கடன் கொடுத்திருந்தவர்களுக்கே போனது. பொருளாதாரம் கால்வாசி சுருங்கியது, 2013-ல் வேலையின்மை 27 சதவீதம். தின்றது யார்? குமார் ஐயாவுக்கு ஒரு கேள்வி: ஐரோப்பிய ஆணையத்தின் ஒல்லி ரென் 2013 பிப்ரவரியில் நிதியமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில் அந்த 90-ஐ எதற்குத் தூக்கிப் பிடித்தார்?

கரிசல் குமார்:
கடிதம் 2013. கடன் ஒப்பந்தம் 2010. பிள்ளை பிறந்த பிறகா கல்யாணம்? கிரீஸில் நடந்த உண்மையான தப்பை நான் சொல்கிறேன். அரசு ஒரு யூரோ செலவைக் குறைத்தால் உற்பத்தி அரை யூரோதான் குறையும் என்று கணித்தார்கள். நெருக்கடிக் காலத்தில் அது 0.9 முதல் 1.7 வரை என்று ஐஎம்எஃப்பே 2012 அக்டோபர் அறிக்கையில் எழுதியது. அதை எழுதுங்கள், நானே கைதட்டுகிறேன்.

யாழினி:
அப்படியென்றால் சிக்கன நடவடிக்கை தப்பு என்று நீங்களும் சொல்கிறீர்கள். பிறகு எதற்கு இத்தனை சண்டை?

கரிசல் குமார்:
0.3-க்காக.

மாடிவீட்டு மைனர்:
ஐஎம்எஃப் உங்களுக்குச் சாதகமாகப் பேசினால் வேதம், கடன் கொடுத்தால் வில்லன். நல்ல நியாயம்.

யாழினி:
அப்புறம், இந்தத் 'தங்கச்சி'யை நிறுத்துங்கள்.

கரிசல் குமார்:
அண்ணா என்றது நீங்கள்தானே?

செங்கொன்றை:
பேச்சை மாற்றுவது இவருக்குப் பழக்கம். இத்தாலி இழையில் நான் கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை.

கரிசல் குமார்:
அங்கே பதில் போட்டேன். அதற்குள் இழையைப் பூட்டச் சொன்னது யார் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் இங்கே 0.3-ஐ ஒப்புக்கொள்ளுங்கள்.

செங்கொன்றை:
பெல்ஜியம் 25 வருடம் 90-க்கு மேல் இருந்தும் சராசரி 2.6 வளர்ந்தது. அந்த நாடு பட்டியலிலேயே இல்லை. ஐந்து நாடுகள் ஐயா, ஐந்து!