பெடல் டாக்டரிடம் போன கதை

மஞ்சக்குப்பம்:
அம்மாவுக்குச் சர்க்கரை. கால் பெருவிரலில் வந்த புண் ஆறவில்லை என்று கடலூரிலிருந்து பஸ் பிடித்து, பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணில் பட்ட ஆங்கிலப் பலகை பி, இ, டி என்று தொடங்கியது. பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் ஞாபகம் வந்தன. கால் டாக்டரேதான் என்று முடிவுகட்டி வரிசையில் நின்றுவிட்டேன். முன்னால் எல்லார் இடுப்பிலும் கைக்குழந்தை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். "பாவம், இந்தப் பிஞ்சுகளுக்கும் கால்ல புண்ணா" என்று அம்மா வேறு உச்சுக்கொட்டினார். முக்கால் மணி நேரம் கழித்து, "குழந்தை எங்கே?" என்றார் நர்ஸ். நான் அம்மாவைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்துதான் அகராதியைப் புரட்டினேன். பெடல் லத்தீன் வழி வந்தது. நம் 'பாதம்' அதற்குத் தூரத்துச் சொந்தம். பலகையில் இருந்த பீடியாட்ரிக்ஸ், அதாவது குழந்தை மருத்துவம், கிரேக்கம்; அங்கே அந்தத் தொடக்கத்துக்குக் குழந்தை என்று பொருள். இங்கிலாந்துக்காரர்கள் நடுவில் ஒரு 'ஏ' சேர்த்து எழுதுகிறார்கள், அமெரிக்கர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். அந்த ஓர் எழுத்து பலகையில் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

கடலூர் முதுநகர்:
அம்மா கால் இப்போது தேவலையா? என் கதை இன்னும் மோசம். டேங்கர் லாரியில் கிளீனராக இருந்தேன். வண்டியின் பின்னால் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாது, இன்கரெக்ட் என்றால் சரியில்லை. அப்போ இது பற்றாது! தைரியமாகப் பீடியை எடுத்தேன். டிரைவர் அண்ணன் விட்ட அறையில் தீப்பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். லத்தீனில் 'இன்' இரண்டாம்: ஒன்று 'இல்லை', இன்னொன்று 'உள்ளே'. இது இரண்டாவது, தீ மூட்டுகிற வகை. இந்தக் குழப்பத்துக்காகவே இப்போது பலர் முன்னால் உள்ள 'இன்'னை வெட்டி 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே பற்றும்.

முத்தியால்பேட்டை:
தாத்தா பிரெஞ்சு படித்தவர். "எங்க பாஷையில இந்தக் குழப்பமே கிடையாது. கால்னா பியே, நடந்து போறவன் பியெத்தோன். குழந்தை டாக்டர் மட்டும்தான் பெதியாத்ர்" என்பார். நானும் நம்பினேன். ஒருநாள் அக்கா காலுக்குப் பெடிக்யூர் செய்துகொண்டு வந்தாள். "தாத்தா, அது பிரெஞ்சுதானே? குழந்தைக்கா செஞ்சாங்க?" என்றேன். சைக்கிள் பெடலையும் சேர்த்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "மணி 6 ஆச்சு, பீச் ரோட்ல வண்டி போறத நிறுத்தியிருப்பாங்க. வா, நடந்துட்டு வரலாம்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.